பந்தயக் காரும் ஒரு வியாபாரந்தான்

வியாபாரப் பகுதியில் மோட்டார் பந்தயத்துக்கு என்ன வேலை என்று வாசகர்கள் கேட்கலாம். சில காலம் முன்பு வரை நானும் அப்படித்தான் கேட்டிருப்பேன். மாவனல்லையில் கராஜ் நடத்தும் என் மருமகன் ஒரு நாள் கணக்குக் கொப்பியோடு வீட்டுக்கு வந்தான். "மாமா, கராஜில வேலைக்குக் குறைவில்ல. ஆனா மாதக் கடைசியில கையில காசில்ல. எங்க போகுதெண்டு பார்த்துச் சொல்லுங்க" என்றான். கொப்பியை இரண்டு முறை புரட்டினேன். பிறகு கராஜுக்கே போய்ப் பார்த்தேன். காசு போன இடம் அங்கே ஒரு மூலையில் நின்று கொண்டிருந்தது. அது ஒரு பழைய மஸ்டா பெமிலியா கார்.

மருமகனும் நண்பர்கள் மூவரும் மண் தடத்தில் ஓடும் காரோட்டப் போட்டிகளில் பொழுதுபோக்காகக் கலந்து கொள்பவர்கள். தியத்தலாவை பொக்ஸ் ஹில், மின்னேரியா கன்னர்ஸ், அநுராதபுரம் சாலியபுர கஜபா ஆகிய சுப்பர் குரொஸ் போட்டிகள் நம் நாட்டில் இவ்வகையில் பெயர் பெற்றவை. இவர்களுக்குச் சம்பளமும் இல்லை, பெரிய அனுசரணையாளரும் இல்லை. ஆளுக்கு இரண்டு இலட்சம் வீதம் எட்டு இலட்சம் ரூபா போட்டு அடுத்த பருவத்துக்குக் காரைத் தயார்செய்யத் தொடங்கியிருந்தார்கள். அந்தக் கணக்கைச் சீர்செய்யும் வேலை என் தலையில் விழுந்தது. அதில் நான் கற்றவை எந்தக் கடைக்கும் பொருந்தும் என்பதால் இங்கே தருகிறேன்.

முதற் பாடம்: நட்டம் எங்கே பிறந்தது?

சென்ற பருவத்தில் மூன்று போட்டிகளுக்குப் போய் ஒன்றைத்தான் முடித்திருந்தார்கள். ஒன்றில் ரேடியேட்டர் ஹோஸ் வெடித்தது. அதன் விலை 3,500 ரூபா. மற்றதில் சில்லைச் சுழற்றும் தண்டின் மூட்டைக் காக்கும் றப்பர் உறை கிழிந்திருந்தது. அதனுள் மணல் புகுந்து மூட்டு உடைந்தது. அந்த உறையும் சில ஆயிரம் ரூபாதான். ஆனால் இரண்டு போட்டிகளுக்கும் பதிவுக் கட்டணம், கார் ஏற்றும் லொறி, எரிபொருள், சாப்பாடு என்று 1,10,000 ரூபா செலவாகியிருந்தது. சிறிய பொருளொன்று பெரிய செலவை வீணாக்கியிருக்கிறது.

கடையிலும் இதே கதைதான். குளிரூட்டியின் பழுதைத் திருத்தப் பின்னிற்பவர் ஒரே இரவில் முழுச் சரக்கையும் இழக்கிறார்.

இரண்டாம் பாடம்: செலவின் வரிசை

மருமகன் எழுதி வைத்திருந்த பட்டியல் இது. புதிய ஷொக் அப்சோபர் தொகுதி 3,50,000. சில்லும் ரயரும் 1,60,000. எஞ்சின் வேகம் கூட்டும் வேலை 1,50,000. வர்ணமும் ஸ்டிக்கரும் 90,000. ஆக 7,50,000 ரூபா. மீதி 50,000 ரூபாவில் மற்றதெல்லாம் நடக்க வேண்டும்!

நான் அதை ஐந்து தலைப்புகளாகப் பிரித்துத் திருப்பி எழுதச் சொன்னேன். முதலாவது உயிர்ப் பாதுகாப்பு. இரண்டாவது கார் போட்டியை முடிப்பதற்கான வேலை. மூன்றாவது போக்குவரத்தும் கட்டணமும். நான்காவது எதிர்பாராச் செலவு. வேகம் கடைசி.

பாதுகாப்பில் ரோல் கேஜ் எனும் இரும்புக் கூடு பிரதானமானது. கார் புரண்டால் கூரை நசுங்காமல் காப்பது இதுதான். சர்வதேச மோட்டார் சம்மேளனமான எப்.ஐ.ஏ.யின் விதிப்படி அதன் பிரதான வளைவு, பொருத்து இல்லாத உருக்குக் குழாயால் ஆனதாக இருக்க வேண்டும். அளவு 45 மில்லிமீற்றர் விட்டமும் 2.5 மில்லிமீற்றர் தடிப்பும், அல்லது 50 மில்லிமீற்றர் விட்டமும் 2 மில்லிமீற்றர் தடிப்பும். தண்ணீர்க் குழாயை வளைத்து வெல்டிங் செய்தால் பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும். வேலைக்கு உதவாது. ஹெல்மட்டிலும் அப்படித்தான். ஸ்னெல் தரத்தில் எம் என்று குறித்தது மோட்டார் சைக்கிளுக்கானது. எஸ்.ஏ. என்று குறித்தது கார்ப் பந்தயத்துக்கானது, தீயைத் தாங்கும் சோதனையிலும் தேறியது.

முடிக்கும் வேலையில் ஹோஸ்கள், பெல்ட், றப்பர் உறைகள், எஞ்சினுக்கு அடியில் காப்புத் தகடு, புழுதியைத் தடுக்கும் எயார் பில்டர், பிரேக் ஒயில் ஆகியன அடங்கும். புதிய டொட் 4 பிரேக் ஒயில் கொதிக்க ஆகக் குறைந்தது 230 பாகை செல்சியஸ் வெப்பம் வேண்டும். ஆனால் அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஈரமேறிய பின் அந்த அளவு 155 பாகை வரை இறங்கிவிடலாம். ஒயில் கொதித்துக் குழாயில் ஆவி உண்டானால் பிரேக்கை மிதித்தாலும் பிடிக்காது. ஆகவே பருவத்துக்குப் பருவம் மாற்றுவது வீண் செலவல்ல.

பிணக்கு வந்தது ஆசனப் பட்டியில். பந்தயப் பட்டியின் லேபலில் அது எந்த வருடம் வரை செல்லுபடியாகும் என்று அச்சிட்டிருப்பார்கள். இவர்களுடையதில் 2022 என்றிருந்தது. "பார்க்கப் புதுசு போலத்தானே மாமா இருக்கு, இன்னொரு பருவம் ஓடலாம்" என்றான் மருமகன். வெயிலிலும் வியர்வையிலும் நூல் வலுவிழப்பது கண்ணுக்குத் தெரியாது. 2024 ஏப்ரல் 21ஆம் திகதி தியத்தலாவை பொக்ஸ் ஹில் போட்டியில் கார் ஒன்று தடத்தை விட்டு விலகிப் பார்வையாளர்கள் மீது பாய்ந்ததில் 7 பேர் உயிரிழந்ததை நாடே அறியும். அதன் பிறகும் இந்த விளையாட்டில் இருப்பவர், தன் பங்குக்குச் செய்யக் கூடிய எதையும் மிச்சம் வைக்கக் கூடாது. "உன்ர உம்மா என்ர தங்கச்சி. அவளுக்குப் பதில் சொல்ல என்னால ஏலாது. பட்டி மாறாவிட்டால் இந்தக் கொப்பியை நான் தொடமாட்டேன்" என்றேன். இரண்டு நாள் அவன் பேசவில்லை. மூன்றாம் நாள் பட்டிக்கு ஓடர் கொடுத்த பில்லைக் கொண்டு வந்தான்.

மூன்றாம் பாடம்: எழுதாத கூட்டு

புதிய திட்டம் இப்படி அமைந்தது: பாதுகாப்பு 2,50,000. முடிக்கும் வேலை 2,35,000. மூன்று போட்டிகளுக்கான போக்குவரத்தும் கட்டணமும் 1,65,000. எதிர்பாராச் செலவு 70,000. வேகம் 80,000. மொத்தம் எட்டு இலட்சம்.

வர்ணமும் ஸ்டிக்கரும் வெட்டுப்பட்டதும் நால்வரில் ஒருவர் விலகினார். தன் கடைப் பெயரைக் காரில் பெரிதாகப் போடலாம் என்றே அவர் சேர்ந்திருந்தார். போட்ட இரண்டு இலட்சத்தையும் காரில் தன் பங்கையும் கேட்டார். அவரிலும் பிழை சொல்ல முடியாது. ஏனெனில் எந்த ஒப்பந்தமும் எழுத்தில் இருக்கவில்லை. மூன்று இரவுகள் பேசினோம். இரண்டு இலட்சம் உடனே திருப்பப்பட்டது. காருக்கு விலை மதித்து, நான்கிலொரு பங்கை மூவரும் தங்கள் கையிலிருந்து தவணையில் கொடுப்பதாக முடிவாயிற்று. அன்றே மூவரும் ஒரு தாளில் கையொப்பமிட்டார்கள். யார் எவ்வளவு போட்டார், விலகினால் என்ன, கார் உடைந்தால் யார் பொறுப்பு என்பவை அதில் உள்ளன. பொதுவாக வாகனக் காப்புறுதி பந்தயத்தில் வரும் சேதத்தை ஏற்பதில்லை என்பதால் கடைசிக் கேள்வி முக்கியமானது.

எட்டு ஆறாகியது. எதை வெட்டுவது? வேகத்துக்கு வைத்த 80,000 முழுதாகப் போனது. ஒரு போட்டியைக் கைவிட்டதில் 55,000 மிஞ்சியது. எஞ்சிய 65,000 ரூபாவைப் பஞ்சிகாவத்தையில் பாவித்த உதிரிப்பாகம் தேடிக் குறைத்தார்கள். போர்ட் லேசரும் மஸ்டா பெமிலியாவும் ஒரே அடிப்படையில் செய்யப்பட்ட கார்கள் என்பதால் அங்கே தெரிவு அதிகம். ஆனால் றப்பர், பெல்ட், பிரேக் ஆகியவற்றில் பாவித்த பொருள் கூடாது என்று கராஜின் மூத்த பாஸ் பிடிவாதமாக நின்றார். பாதுகாப்பிலும் எதிர்பாராச் செலவிலும் ஒரு சதமும் குறைக்கவில்லை.

நான்காம் பாடம்: கொப்பியில் வராத செலவு

மருமகனின் முதற் கேள்விக்கான விடை இங்கேதான் இருந்தது. கராஜில் இரண்டு வாகனங்களுக்கே இடம். அதில் ஒன்றைப் பந்தயக் கார் பத்து வாரம் பிடித்திருந்தது. ஓரிடம் வாரத்துக்குச் சராசரி 18,000 ரூபா இலாபம் தருவது. ஆகவே 1,80,000 ரூபா எந்தப் பில்லும் இல்லாமல் போயிருக்கிறது. காத்திருந்து வேறு கராஜுக்குப் போன வாடிக்கையாளர்கள் இதில் சேரவில்லை. இப்போது கார் பின்வளவில் தகரக் கூரையின் கீழ் நிற்கிறது. இரவு எட்டு மணிக்குப் பிறகே அதில் கை வைக்கிறார்கள்.

அதன் வர்ணம் பழையதுதான், ஷொக் அப்சோபரும் பழையதுதான். முதலிடம் வருமென்று யாரும் சொல்லவில்லை. இரண்டு போட்டிகளையும் முடித்துவிட்டுத் தன் சில்லிலேயே லொறியில் ஏற வேண்டும் என்பதே இப்பருவத்தின் இலக்கு.

வாசகர்களுக்கு இவ்வாரப் பயிற்சி ஒன்று. உங்கள் கடையின் இவ்வருடச் செலவுகளை ஒரு தாளில் எழுதுங்கள். இல்லாவிட்டால் ஆபத்து, இல்லாவிட்டால் வேலை நிற்கும், இருந்தால் அழகு என மூன்றாகப் பிரியுங்கள். பிறகு, உங்கள் கடையில் எது சும்மா இடம் பிடித்துக் கொண்டிருக்கிறது என்று ஒரு முறை சுற்றிப் பாருங்கள்.