இருப்போரை ஏற்கும் நகரமைப்பு: ஜவ்வாது மலையடியிலிருந்து ஒரு நோக்கு

முன்னுரை

ஊர் வளர்வது இயற்கை. வளரும் ஊரை நெறிப்படுத்துவது அறிவு. ஒரு நகரம் தன் பகுதிகளை எங்ஙனம் விரிக்க வேண்டும், பழுதுற்ற பகுதிகளை எங்ஙனம் புதுக்க வேண்டும் என்னும் வினா பொறியாளர்க்கு மட்டும் உரியதன்று. அங்கு வாழும் மக்களுக்கும், மக்கள் வாழ்வைப் பேசும் இலக்கியம் பயில்வோர்க்கும் அது உரியதே.

இவ்வினாவை ஜவ்வாது மலையிலிருந்து தொடங்குவது பொருந்தும். இம்மலை இன்று திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் ஆகிய மூன்று மாவட்டங்களில் பரந்து கிடக்கிறது. இதன் வடசரிவின் ஓடைகள் பாலாற்றை நோக்கி இறங்குகின்றன. செய்யாறு இம்மலையில் தோன்றிச் செங்கம் வழியே செல்கிறது. மலைமேல் காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம் உள்ளது. 2.3 மீட்டர் விட்டமுள்ள பெருந்தொலைநோக்கி 1986ஆம் ஆண்டு அங்குத் தொடங்கி வைக்கப்பெற்றது. வானாய்வுக்கு இருள் வேண்டும். மலையடி நகரங்கள் வளருந்தோறும் அவற்றின் விளக்கொளி வானில் ஏறுகின்றது. மலையிலிருந்து நீர் இறங்குகிறது. நகரிலிருந்து ஒளி ஏறுகிறது. ஆகவே நகரின் எல்லை நகராட்சி நட்ட கல்லோடு முடிவதில்லை என்பது தெளிவு. இடத்தின் இயல்பையும் அங்கு முன்பே இருப்போரையும் அறியாமல் வகுக்கும் திட்டம் திட்டமாகாது என்பதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

இலக்கியம் காட்டும் நகர்

பத்துப்பாட்டுள் ஒன்றாகிய மலைபடுகடாம் இப்பகுதிக்கு உரிய நூல். பெருங்கௌசிகனார் பாடிய இப்பாட்டின் தலைவன் செங்கண்மாவை ஆண்ட நன்னன். அச்செங்கண்மாவே இன்றைய செங்கம் என்பர். கூத்தரை ஆற்றுப்படுத்தும் புலவர் நகரை மட்டும் பாடி நின்றாரல்லர். மலைவழி, தினைப்புனம், கானவர் குடியிருப்பு, சேயாறு, வயல் ஆகியவற்றைக் கடந்த பின்னரே அகன்ற தெருக்களை உடைய மூதூரைக் காட்டுகிறார். மலையும் ஆறும் வயலும் நகரும் ஒரே தொடர் என்னும் உணர்வு அப்பாட்டின் அமைப்பிலேயே அமைந்துள்ளமை ஈண்டு நோக்கத்தக்கது.

சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவூரெடுத்த காதை புகார் நகரை மருவூர்ப்பாக்கம், பட்டினப்பாக்கம் என இரு பகுதிகளாகக் காட்டுகிறது. இரண்டிற்கும் இடையே மரநிழலில் நாளங்காடி அமைந்திருந்தது. அரசர் வீதியையும் வணிகர் வீதியையும் கூறிய இளங்கோவடிகள் நெய்வோர், குயவர், கொல்லர், மீன் விற்போர், உப்பு விற்போர் இருக்கைகளையும் விடாது கூறுகிறார். உழைப்போர்க்கு நகரினுள்ளேயே இடம் உண்டு என்பது அக்காப்பியம் தரும் செய்தியாகும்.

இசுலாமிய மரபு

உமறுப்புலவர் சீறாப்புராணத்தில் நாட்டுப் படலமும் நகரப் படலமும் அமைத்தே காப்பியம் தொடங்கினார். இசுலாமிய வரலாற்றிலும் நகரமைப்புச் செய்திகள் பல உள. பாதையின் அகலம் குறித்துப் பிணக்கு எழுந்தால் ஏழு முழம் விடுக என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் தீர்ப்பு. உமர் (ரலி) அவர்களின் ஆட்சியில் கூஃபா நகர் அமைக்கப்பெற்றபோது பெருந்தெருக்களுக்கு நாற்பது முழமும், அடுத்தவற்றுக்கு முப்பதும் இருபதும், சந்துகளுக்கு ஏழு முழமும் வகுக்கப்பெற்றன என வரலாற்றாசிரியர் தபரீ குறிப்பர்.

இதனினும் சிறந்த செய்தி ஒன்றுண்டு. மதீனாப் பள்ளிவாசலை விரிவாக்க உமர் (ரலி) விழைந்தபோது, அதனை அடுத்து அப்பாஸ் (ரலி) அவர்களின் வீடு இருந்தது. அவர் வீட்டைத் தர இசையவில்லை. நாடாளும் கலீஃபா தம் ஆணையால் அதனை எடுத்துக் கொள்ளவில்லை. வழக்கு உபை இப்னு கஅப் (ரலி) அவர்கள்முன் சென்றது. தீர்ப்பு வீட்டுக்கு உரியவர் பக்கமே அமைந்தது. தீர்ப்புக்குப் பின்னர் அப்பாஸ் (ரலி) தாமே மனமுவந்து அவ்வீட்டைக் கொடையாக அளித்தார் என்பர். பள்ளிவாசலுக்காகவே ஆயினும், இருப்பவர் இசைவின்றி இடம் பெறலாகாது என்பது இதனால் போதரும் நீதியாகும்.

தஞ்சையில் ஒரு மருத்துவம்

தற்கால நகரமைப்புக் கலை தமிழகத்திற்கு வந்த காலம் முதல் உலகப் போர்க் காலமாகும். சென்னை ஆளுநர் பென்ட்லண்டு பிரபுவின் அழைப்பை ஏற்று 1914இல் இசுகாத்துலாந்து அறிஞர் பேட்ரிக் கெடிசு இந்தியா வந்தார். அவருடைய நகரமைப்புக் கண்காட்சிப் பொருள்கள் வந்த கப்பலை எம்டன் மூழ்கடித்தது. அவர் தளராது பொருள்களை மீண்டும் திரட்டி 1915இல் சென்னையில் கண்காட்சி நடத்தினார்.

நெருக்கமான பழைய தெருக்களை இடித்து நேரான பெருஞ்சாலை போடுவதே அக்காலத்துச் சீர்திருத்தம். தஞ்சைக் கோட்டைப் பகுதியை ஆராய்ந்த கெடிசு அதனை மறுத்தார். தெருத்தெருவாக நடந்து பார்த்து, பாழடைந்த வீடுகளை மட்டும் அகற்றி, அவ்விடங்களைச் சிறு திறந்த வெளிகளாக்கி, மரம் நட்டு, சந்துகளை இணைத்தால் போதும் என்றார். இம்முறையைப் பேணும் அறுவை எனலாம். நல்ல மருத்துவன் நோயுற்ற பகுதியை மட்டுமே தொடுவான். இம்முறையில் செலவும் குறைவு; வீடிழப்போர் தொகையும் குறைவு.

சென்னை தரும் பாடம்

கெடிசின் அறிவுரை எங்கும் ஏற்கப்பெறவில்லை. 1920இல் சென்னை மாகாண நகரமைப்புச் சட்டம் வந்தது. அக்காலத்தே மாம்பலத்தில் இருந்த நீண்ட ஏரி தூர்க்கப்பெற்றுத் தியாகராய நகர் உருவாயிற்று. நடுவே பூங்காவும் அதனின்று பிரியும் சாலைகளுமாக அழகுற அமைந்த நகர்ப்பகுதி அது. எனினும் ஏரி மறைந்தது. மேற்கு மாம்பலத்தில் 'ஏரிக் காட்சிச் சாலை' எனப் பொருள்படும் லேக் வியூ ரோடு என்னும் பெயர் மட்டும் எஞ்சியது. பெயரில் நின்ற நீர் பெருமழையில் தெருவிலும் வந்து நிற்கும் என்பதை 2015 திசம்பர் வெள்ளம் சென்னைக்கு உணர்த்தியது.

குடிசைப் பகுதிகளின் வரலாறும் சிந்திக்கத்தக்கது. 1970இல் குடிசை மாற்று வாரியம் நிறுவப்பெற்றது; 2021இல் அது நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் எனப் பெயர் மாறியது. தொடக்கத்தில் குடிசைகள் இருந்த இடத்திலேயே அடுக்கு வீடுகள் எழுந்தன. 1977இல் உலக வங்கி உதவியுடன் தொடங்கிய திட்டத்தில், குடிசைப் பகுதிகளுக்கு இருந்த இடத்திலேயே குடிநீர், கழிப்பிடம், சாலை, விளக்கு ஆகிய வசதிகளும் மனை உரிமையும் தர முற்பட்டனர். 2000ஆம் ஆண்டையொட்டிப் போக்கு மாறியது. நகரின் நடுவே வாழ்ந்தோர் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் எனத் தென்கோடிக்கு அனுப்பப்பெற்றனர்.

ஆற்றங்கரையில் வாழ்வோரை வெள்ளத்திற்கு விட்டுவிடுவதா எனச் சிலர் வினவுவர். நியாயமான வினாவே. உயிருக்கு ஊறு நேரும் இடத்திலிருந்து மக்களை அகற்றத்தான் வேண்டும். ஆயினும் கூவத்தின் கரையிலிருந்தும் அடையாற்றின் கரையிலிருந்தும் அகற்றப்பெற்றோர் குடியேற்றப்பட்ட இடம் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை அடுத்த தாழ்ந்த பகுதி. வீடு கிடைத்தது, வேலைக்குச் செல்லும் வழி நீண்டது, பிள்ளைகளின் பள்ளியும் உற்றார் துணையும் பின்தங்கின. வீடு என்பது நான்கு சுவர் மட்டுமன்று, அதனைச் சூழ்ந்த வாழ்வும் வீடே என்பதை அத்திட்டங்கள் போதிய அளவு கருதவில்லை.

பாலாற்றங்கரை

நம் பகுதியும் இப்பாடத்திற்கு விலக்கன்று. தோல் தொழில் ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை ஆகிய ஊர்களுக்கு வாழ்வளித்தது. முசுலிம் வணிகர் பலர் அதனை வளர்த்தனர். கழிவுநீரோ பாலாற்றையும் கிணறுகளையும் கெடுத்தது. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. முன்னெச்சரிக்கை வேண்டும், மாசு செய்தோரே ஈடு செய்ய வேண்டும் என்னும் கொள்கைகளை அத்தீர்ப்பு நிலைநாட்டியது. தொழிலும் வேண்டும், தண்ணீரும் வேண்டும். தொழிற்கூடம், குடியிருப்பு, கிணறு ஆகியவற்றுக்கு முன்பே இடம் வகுத்திருந்தால் இத்துன்பம் பெரிதும் குறைந்திருக்கும்.

சட்டம் காட்டும் வழி

1971ஆம் ஆண்டுத் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் மண்டலத் திட்டம், முழுமைத் திட்டம், விரிவான வளர்ச்சித் திட்டம் எனப் பல படிகளை வகுத்துள்ளது. முழுமைத் திட்டம் குடியிருப்பு, வணிகம், தொழில், வேளாண்மை என நிலப் பயன்பாட்டைப் பகுக்கும். விரிவான திட்டம் தெருவரை இறங்கி வரும். சென்னையின் இரண்டாம் முழுமைத் திட்டம் 2008இல் நடைமுறைக்கு வந்தது. 2022இல் சென்னைப் பெருநகர் எல்லை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரிவாக்கப்பெற்றது.

இச்சட்டத்தில் நாம் மறவாது கொள்ள வேண்டிய கூறு ஒன்றுண்டு. முழுமைத் திட்டத்தின் வரைவு வெளியிடப்பெற்ற பின்னர், மக்கள் தம் மறுப்பையும் கருத்தையும் எழுத்தில் தர இரண்டு மாதத்திற்குக் குறையாத காலம் அளிக்கப்பெறுகிறது. 1992ஆம் ஆண்டு எழுபத்து நான்காம் அரசியல் சட்டத் திருத்தமும் நகரத் திட்டமிடலை நகராட்சிகளின் கடமைகளுள் முதலாவதாக வைத்தது. வாயில் திறந்தே உள்ளது. அதனுள் நுழைவோரே குறைவு.

முடிவுரை

மேற்கண்டவற்றால் மூன்று உண்மைகள் பெறப்படும். நீரின் வழியை முதலில் குறிக்க வேண்டும். உழைப்போர்க்கு நகரினுள் இடம் வேண்டும். இருப்போர் இசைவைப் பெற்றே இடத்தைப் புதுக்க வேண்டும்.

இளைஞர்களே! உங்கள் ஊரின் ஏரி, கால்வாய், சந்து, கிணறு ஆகியவற்றை நடந்து பார்த்து வரைபடமாக்குங்கள். கெடிசு தஞ்சையில் செய்தது அதுவே. பெரியோர்களே! வரைவுத் திட்டம் வெளிவரும்போது தம் வீட்டை மட்டும் தேடாது, குடிசையில் வாழும் அண்டை வீட்டாரின் பெயரையும் அதில் தேடுங்கள். எழுத அறியாதார்க்கு மனு எழுதிக் கொடுங்கள். அண்டை வீட்டாரின் உரிமையை வலியுறுத்தும் மார்க்கம் நம்முடையது. ஜவ்வாது மலையிலிருந்து இறங்கும் நீர், வழியில் உள்ள ஊர்களுள் ஒன்றைத் தேர்ந்து மற்றொன்றை ஒதுக்குவதில்லை. நகரின் வளர்ச்சியும் அந்நீர் போல் எல்லார்க்கும் பாய்தல் வேண்டும்.