சொல்லாமல் அணையும் கணினி

கேள்வி: வேலைக்கு நடுவே டெஸ்க்டாப் பட்டென்று அணைந்துவிடுகிறது. என்ன செய்வது?
– வாசகி, போர்ட் பிளேர்

பதில்: சற்று நேரம் ஓடிய பிறகே அணைகிறதென்றால், முதலில் சூட்டைச் சந்தேகியுங்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பக்கவாட்டு மூடியைக் கழற்றுங்கள். ப்ராசஸர் ஃபேனுக்கு அடியில், அலுமினியத் தகடுகளுக்கிடையே தூசி கம்பளிபோல் அடைந்திருக்கும். மெல்லிய பிரஷ்ஷால் எடுங்கள். ப்ராசஸருக்கும் தகடுகளுக்கும் நடுவிலுள்ள தெர்மல் பேஸ்ட் காய்ந்திருந்தால் புதிதாகப் பூச வேண்டும்.

நேரங்காலமின்றி அணைந்தால், கணினிக்குள் மின்சாரம் வழங்கும் எஸ்.எம்.பி.எஸ். பழுதாகியிருக்கலாம். பெருநிலத்து மின்கம்பி எட்டாத தீவு உங்களுடையது; பெரும்பாலும் டீசல் ஜெனரேட்டர் மின்சாரம். வோல்டேஜ் ஏறி இறங்கினால் முதல் அடி எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்குத்தான். உப்புக்காற்றில் கனெக்டர்களில் பச்சைக் களிம்பு பிடித்திருக்கிறதா என்றும் பாருங்கள். எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் திறக்கவே திறக்காதீர்கள்! பிளக்கைப் பிடுங்கிய பின்னும் கெபாசிட்டர் ஷாக் அடிக்கும். மெக்கானிக்கிடம் சொல்லி மாற்றுங்கள். யு.பி.எஸ். அங்கே ஆடம்பரமல்ல, அவசியம்.