வண்டியை உயர்த்தலாமா? பெரிய டயர் போடலாமா?



கடனில் மாடு வாங்கப் போனால் பல்லைப் பார்க்கிறோம், மடியைக் கறந்து பார்க்கிறோம். வண்டி என்று வந்துவிட்டால் மட்டும், "அது ஆம்பளைங்க சமாச்சாரம்" என்று ஒதுங்கிவிடுகிறோம். வண்டி நம் பேரில் இருக்கிறது. தவணை நம் பணத்தில் போகிறது. அதில் ஏறுவது நாம் பறித்த தக்காளி. பிறகு அது எப்படி நமக்குச் சம்பந்தமில்லாத விஷயம் ஆகும்? எங்கள் குழுக்களில் நடந்ததையே இந்த மாதப் பாடமாக எழுதுகிறோம்.

நாங்கள் ஐந்து குழுக்கள் சேர்ந்து வங்கிக் கடனில் ஒரு பிக்கப் வண்டி வாங்கி, பாலக்கோடு மண்டிக்குத் தக்காளி ஏற்றி வருகிறோம். ஊரிலிருந்து தார் ரோடு வரை இரண்டு கிலோமீட்டர் மண் ரோடு. மழை பெய்தால் சக்கரத் தடம் பள்ளமாகி நடுவில் மேடு நின்றுவிடும். வண்டியின் அடிப்பாகம் அதில் உரசும். டயரும் தேய்ந்திருந்தது. டிரைவர் தம்பி, எங்கள் உறுப்பினர் ஒருவரின் மகன், கூட்டத்துக்கே வந்து சொன்னார்:

"அக்கா, எப்படியும் டயர் மாத்தணும். அஞ்சையும் பெரிய டயராவே போட்டுடலாம். முன்னாடி ஸ்பிரிங்குக்கு மேல கட்டை வெச்சுத் தூக்கிடலாம். பின்னாடி ரெண்டு பட்டை சேர்த்தா லோடும் கூட ஏத்தலாம். அறுபதாயிரத்துல முடிஞ்சிடும்."

அறுபதாயிரம் என்றால் எங்களுக்கு நான்கு மாதத் தவணை. "செய்யலாம்" என்றார்கள் பாதிப் பேர், "வேண்டாம்" என்றார்கள் மீதிப் பேர். ஏன் என்று கேட்டால் இரண்டு பக்கத்துக்கும் பதில் தெரியவில்லை. எனவே மூன்று பேரை அனுப்பி, டயர் கடை, கம்பெனி சர்வீஸ், ஆர்.டி.ஓ. அலுவலகம் மூன்றிலும் விசாரித்து வரச் சொன்னோம்.

டயரில் உள்ள எழுத்தைப் படிப்போம்

டயரின் பக்கவாட்டில் 195/80 ஆர் 15 என்பது போல இருக்கும். 195 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 80 என்பது பக்கச் சுவரின் உயரம், அதாவது அகலத்தில் 80 சதவீதம். 15 என்பது டயர் உட்காரும் டிஸ்கின் அளவு, அங்குலத்தில்.

பக்கத்தில் உள்ள இன்னொரு எண் அந்த டயர் தாங்கும் எடையைச் சொல்லும். 100 என்றால் 800 கிலோ, 104 என்றால் 900 கிலோ, 108 என்றால் 1,000 கிலோ. ஒரு சிறிய கட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. "புதுசு" என்று சொல்லிப் பழைய சரக்கைக் கொடுத்தால் இதை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம்.

பெரிய டயர் போட்டால் என்ன ஆகும்?

கணக்குப் போட்டுப் பார்த்தோம். 195/80 டயரின் மொத்த உயரம் சுமார் 693 மில்லிமீட்டர். அதே டிஸ்கில் 235/75 டயர் என்றால் சுமார் 733 மில்லிமீட்டர். வித்தியாசம் 4 சென்டிமீட்டர். ஆனால் வண்டி உயர்வது அதில் பாதி, 2 சென்டிமீட்டர்தான். மீதிப் பாதி அச்சுக்கு மேலே போய்விடும்.

இந்த இரண்டு விரல் உயரம்கூட இல்லாத லாபத்துக்கு நாம் கொடுப்பது என்ன? மீட்டர் 60 காட்டும்போது வண்டி 63 கிலோமீட்டருக்கு மேல் ஓடும். கனமான சக்கரத்தைச் சுற்றவும் நிறுத்தவும் அதிக பலம் வேண்டும். மேட்டில் இழுவை குறையும், டீசல் கூடும். பிரேக் மட்டும் பழைய பிரேக்தான். சேலத்துக்கு லோடு போகும்போது தொப்பூர் கணவாய் இறக்கத்தில் அந்த பிரேக்கை நம்பித்தான் வண்டி இறங்க வேண்டும். முழுதாக ஸ்டியரிங் திருப்பினால் டயர் மட்கார்டில் உரசவும் செய்யலாம்.

முன்பக்கம் தாழ்ந்திருப்பது குறை இல்லை

காலி பிக்கப்பைப் பாருங்கள், பின்பக்கம் தூக்கலாக நிற்கும். லோடு ஏறியதும் பின்பக்கம் இறங்கி வண்டி மட்டமாக வரவேண்டும் என்றுதான் அப்படிச் செய்திருக்கிறார்கள்.

தம்பி போனில் காட்டியது அமெரிக்கப் பிக்கப். அங்கே பலர் வீட்டு உபயோகத்துக்குக் காலியாகவே ஓட்டுகிறார்கள். முன்பக்கத்தை ஒன்றிரண்டு அங்குலம் தூக்கி மட்டமாக்க 'லெவலிங் கிட்' என்று தனியாக விற்கிறார்கள். நம் வண்டி காலியாக நிற்பதற்கு வாங்கியது இல்லையே! முன்பக்கத்தையும் தூக்கி, பின்னால் லோடும் ஏற்றினால் மூக்கு வானம் பார்க்கும். ஹெட்லைட் எதிரே வருகிறவர் கண்ணில் அடிக்கும். வீல் அலைன்மென்ட் மாறி டயர் ஒரு பக்கமாகத் தேயும்.

இன்னொன்று, எங்கள் மூன்று பேரும் வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தார்கள். மண் உரசிய தடம் இருந்தது பின் அச்சின் நடுவில் குண்டாக இருக்கும் பகுதியில். அந்த அச்சு ஸ்பிரிங்குக்குக் கீழே இருக்கிறது. ஸ்பிரிங்குக்கு மேல் எத்தனை கட்டை வைத்தாலும், எத்தனை பட்டை சேர்த்தாலும் அது ஒரு நூல்கூட உயராது! ஆனால் டயர் அமுங்க அமுங்க அது தரையை நோக்கி இறங்கும். காற்றைச் சோதித்தால் பின் டயர் இரண்டிலும் குறைவு. லோடோ அளவுக்கு மேல்.

லோடு கணக்கு

ஆர்.சி. புத்தகத்தில் இரண்டு எடை இருக்கும். மொத்த எடையிலிருந்து காலி எடையைக் கழியுங்கள். 2,950 கிலோவில் 1,700 போனால் 1,250 கிலோ. இதில் டிரைவரும் உடன் போகிறவரும் சேர்த்தி. இருவருக்கு 130 கிலோ கழித்தால் 1,120. கிரேட் ஒன்று காயோடு 27 கிலோ என்றால் 41 கிரேட். நாங்கள் ஏற்றி வந்தது 50.

பட்டை சேர்த்தால் வண்டி தாழாமல் நிற்கும், அவ்வளவுதான். அச்சும் சேஸியும் பிரேக்கும் பழையவைதான். ஆர்.சி.யில் உள்ள எடையும் மாறாது.

சட்டம் என்ன சொல்கிறது?

தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அதிக லோடுக்கு 20,000 ரூபாய், கூடுதலாகும் ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000 ரூபாய். உரிமையாளர் என்றால் யார்? டிரைவர் தம்பி இல்லை, நாம்தான். விபத்து நடந்து இன்சூரன்ஸ் கேட்டுப் போகும்போதும் இந்த மாற்றமே கேள்வியாக வந்து நிற்கும்.

நாங்கள் எடுத்த முடிவு

தயாரிப்பாளர் சொன்ன அதே அளவில், எடை எண் குறையாமல், ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள நான்கு டயர் வாங்கினோம். பின்பக்கத்துக்கு மண் ரோட்டில் பிடிக்கும் ஆழமான பட்டன் உள்ளதாகப் பார்த்தோம். பழையதில் நல்லது ஸ்டெப்னி ஆனது. அலைன்மென்ட் உட்பட 34,000 ரூபாய். மீதி 26,000 வங்கியிலேயே இருக்கிறது.

கிரேட் 41க்கு மேல் ஏற்றுவதில்லை என்று தீர்மானம் எழுதிக் கையெழுத்திட்டோம். வரத்து அதிகமான நாளில் இரண்டாவது நடை போக வேண்டியிருக்கிறது. அந்தச் செலவு கஷ்டம்தான், மறைக்கவில்லை. ஐந்து குழுவும் பகிர்ந்துகொள்கிறோம்.

ரோட்டுக்கு என்ன செய்தோம்? ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு ஒருவர் மண்வெட்டியோடு வந்து நடு மேட்டைச் செதுக்கிப் பள்ளத்தை நிரப்பினோம். ஆகஸ்டு 15 கிராம சபையில் கிராவல் ரோடு கேட்டு மனு கொடுத்து, தீர்மானத்தில் ஏற்றிவிட்டுத்தான் எழுந்தோம். ரோடு சரியில்லை என்றால் ரோட்டைத்தானே சரி செய்ய வேண்டும்?

முதலில் முகம் வாடிய தம்பி, இப்போது, "அக்கா, நாப்பத்தொண்ணு ஆச்சு, போதும்" என்று அவரே எண்ணி நிறுத்துகிறார்.

அடுத்த கூட்டத்தில் செய்து பாருங்கள்

1. ஆர்.சி. புத்தகத்தைக் கொண்டு வந்து உங்கள் வண்டியின் லோடு கணக்கைப் போடுங்கள்.
2. டயரின் அளவு, எடை எண், செய்த வாரம் மூன்றையும் நோட்டில் எழுதுங்கள்.
3. பள்ளத்துக்குள் இருக்கும் தேய்மான அடையாளத்தைத் தொட்டுப் பாருங்கள். பட்டன் அந்த மட்டத்துக்கு, அதாவது 1.6 மில்லிமீட்டருக்கு, வந்துவிட்டால் டயர் மாற்ற வேண்டும்.
4. வாரம் ஒருமுறை, காலையில் வண்டி ஓடும் முன்பே காற்றைச் சோதிக்கச் சொல்லுங்கள். முன்னுக்கும் பின்னுக்கும் எத்தனை பவுண்டு என்பது வண்டியோடு வந்த புத்தகத்தில் இருக்கும்.

வண்டி ஓட்டத் தெரிய வேண்டும் என்பதில்லை. வண்டிக் கணக்கு தெரிந்தால் போதும். அது நம் கையில் இருக்கட்டும்!