கடைக் கணினியில் தனிச் செய்தித் தொடர்பு: நிறுவும் முறை



2021 அக்டோபர் 4-ம் தேதி இரவு 9 மணியளவில் வாட்ஸ்அப் உலகம் முழுவதும் நின்றுபோயிற்று. திரும்ப வர ஏறத்தாழ ஆறு மணி நேரம் ஆயிற்று. தொரப்பள்ளி, ஓசூர்ப் பக்கத்தில் நாம் மறுநாள் சரக்குக்கு பெங்களூர் மண்டிக்குப் பட்டியல் அனுப்புவது அந்நேரத்தில்தான். போனில் பேசலாம், ஆனால் நாற்பது அயிட்டங்களையும் மூட்டைக் கணக்கையும் போனில் ஒப்பித்தால் பிழை வராமல் இருக்குமா?

வாட்ஸ்அப்பிலும் செய்திக்குப் பூட்டு உண்டு. அதில் குறை இல்லை. ஆனால் எல்லாச் செய்தியும் ஒரே நிறுவனத்தின் வாசல் வழியாகவே போகின்றன. ஒரே மண்டியை நம்பிக் கடை நடத்துவதற்கு இது சமம்.

இதற்கு மாற்று எக்ஸ்.எம்.பி.பி. என்னும் முறை. 1999-ல் ஜாபர் என்ற பெயரில் வந்தது. 2004-ல் இணையப் பொதுத் தரமாக வெளியிடப்பட்டது. மின்னஞ்சல் போல, நமக்கு ஒரு சேவையகத்திலும் மண்டிக்காரருக்கு வேறொன்றிலும் கணக்கு இருந்தாலும் பேசிக்கொள்ளலாம். ஒன்று நின்றால் அதில் கணக்கு உள்ளவர்களுக்கு மட்டுமே தடை.

கடைக் கணினியில் உபுண்டு, டெபியன் போன்ற லினக்ஸ் இருந்தால் செய்ய வேண்டியவை:

1. முதலில் கணினியைப் புதுப்பித்துக்கொள்ளுங்கள். பிறகு மென்பொருள் மையத்தைத் திறந்து ‘டினோ’ என்று தேடி நிறுவுங்கள். கட்டணம் இல்லை.

2. புதுக் கணக்குக்கு அனுமதி தரும் சேவையகத்தில் கணக்குத் தொடங்குங்கள். கடவுச்சொல்லைத் தாளில் எழுதிப் பெட்டியில் வையுங்கள். மறந்தால் பல சேவையகங்களில் மீட்க வழியில்லை.

3. எதிர்த்தரப்பாரின் முகவரியைச் சேருங்கள். அவர் ஆண்ட்ராய்டு போனில் ‘கான்வர்சேஷன்ஸ்’ செயலி வைத்திருந்தாலும் போதும்.

4. செய்தி எழுதும் இடத்தில் உள்ள பூட்டுக் குறியை அழுத்தி ‘ஒமிமோ’வைத் தேர்ந்தெடுங்கள்.

5. இருவர் திரையிலும் தெரியும் சாவி எண்களை நேரில் ஒருமுறை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். நடுவில் வேறு ஆள் இல்லை என்பதற்கு இதுவே சாட்சி.

மாட்டுச் சந்தையில் துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசுவது நமக்குத் தெரியும். சுற்றி நிற்பவருக்கு யார் யாருடன் பேசுகிறார் என்பது தெரியும்; விலை தெரியாது. ஒமிமோவும் அப்படியே. சேவையகம் நடத்துபவருக்கு நாம் எவருக்கு, எப்போது செய்தி அனுப்பினோம் என்பது தெரியும். பருப்பு விலை தெரியாது.

இரண்டு எச்சரிக்கைகள். 2023 மே மாதம் மத்திய அரசு எலிமெண்ட், பிரையர் உள்ளிட்ட 14 செயலிகளைத் தடை செய்தது. ஆகவே எதை நிறுவுமுன்னும் விசாரித்துக்கொள்ளுங்கள். அடுத்து, கணினி மாற்றினால் பூட்டிய பழைய செய்திகள் புதியதில் திறக்காமல் போகலாம். ஜி.எஸ்.டி. சட்டப்படி கணக்குகளை ஆண்டு விவரத் தாக்கலுக்கான கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் காக்க வேண்டும். எனவே வரும் பில்லை அன்றன்றே தனியாகச் சேமியுங்கள்.

வாட்ஸ்அப்பை விட வேண்டியதில்லை. நாள்தோறும் சரக்கு வாங்கும் இரண்டு மூன்று பேருடன் இதைத் தொடங்கி வைத்தால், அடுத்த முறை அது நிற்கும் இரவில் நம் பட்டியல் நிற்காது.