நாற்காலி போட்டுக் காத்த நடைபாதை

“தெருவில் கிடக்கும் செங்கல்லுக்காகவா டீச்சர், பெரிய வீட்டுப் பெண்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள்?”

குடிமையியல் வகுப்பில் ‘குடிமக்களின் கடமைகள்’ என்னும் பாடத்தை நடத்தும்போது, அமெரிக்காவிலுள்ள பாஸ்டன் நகரத்து நிகழ்ச்சி ஒன்றைக் கூறினேன். அதைக் கேட்ட மாணவி ஒருத்தி எழுந்து இவ்வாறு வினவினாள். வகுப்பே சிரித்தது, நானும் சிரித்தேன். விடை கூறுமுன் மணி அடித்துவிட்டது. அன்று கூற முடியாமற்போன விடையை ஆண்டு மலரில் எழுதுகிறேன். பெற்றோரும் அருட்சகோதரிகளும் இதனைப் படித்து, வீட்டிலும் விடுதியிலும் பிள்ளைகளோடு பேசுவார்களானால் மகிழ்வேன்.

குன்றும் தெருக்களும்

பாஸ்டன் நகரின் நடுவே பீக்கன் ஹில் என்னும் சிறு குன்று உள்ளது. ‘பீக்கன்’ என்றால் அபாய அறிவிப்புக்காக ஏற்றப்படும் தீ. 17-ஆம் நூற்றாண்டில் அங்குக் குடியேறியவர்கள் குன்றின் உச்சியில் உயர்ந்த கம்பம் நட்டு, ஆபத்து வந்தால் தீ மூட்டி ஊருக்கு அறிவிக்க ஏற்பாடு செய்திருந்தனர். அதனால் வந்த பெயர் இது.

1795-ஆம் ஆண்டு செல்வர் சிலர் கூட்டாகச் சேர்ந்து, ஜான் சிங்கிள்டன் காப்லி என்னும் ஓவியருக்குச் சொந்தமான மேய்ச்சல் நிலத்தை இக்குன்றில் வாங்கினர். உச்சியை வெட்டித் தாழ்த்தினர், தெருக்கள் அமைத்தனர், செங்கல் வீடுகள் எழுப்பினர். சார்லஸ் புல்ஃபின்ச் என்னும் கட்டடக் கலைஞர் வரைந்த மாநில ஆட்சி மன்றக் கட்டடம் 1798-இல் அதே குன்றின்மேல் நிறைவுற்றது. வட சரிவிலோ கறுப்பின மக்கள் வாழ்ந்தனர். அவர்கள் 1806-இல் கட்டிய கூட்ட இல்லம் இன்றும் நிற்கிறது. ‘சிறு பெண்கள்’ என்னும் புகழ்பெற்ற நாவலை எழுதிய லூயிசா மே ஆல்காட் அம்மையாரும் தம் இறுதிக் காலத்தில் இக்குன்றிலுள்ள லூயிஸ்பர்க் சதுக்கத்தில் வசித்தார்.

குறுகிய தெருக்கள், இருபுறமும் செங்கல் வீடுகள், வீட்டு வாசலை ஒட்டிச் செங்கல் பாவிய நடைபாதைகள், ஆங்காங்கே எரிவாயு விளக்குகள்! சுவரும் தரையும் ஒரே மண்ணிலிருந்து முளைத்தவை போலத் தோன்றும். இந்த நடைபாதைதான் நம் கதைக்கு நாயகன்.

செங்கல்லின் குணம்

செங்கல் என்றதும் நமக்குச் சுவர்தான் நினைவுக்கு வரும். தரையில் பாவும் செங்கல்லைச் சுவர்க் கல்லைவிட அதிகச் சூட்டில் வேக வைக்க வேண்டும். சூளையின் வெப்பம் 1000 பாகை செல்சியசையும் தாண்டும்போது களிமண்ணின் துகள்கள் உருகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. நன்கு வெந்த கல் நீரை அதிகம் உறிஞ்சாது. மண்ணிலுள்ள இரும்புச் சத்து தீயில் மாறிச் சிவப்பு நிறம் தருகிறது.

பாஸ்டனில் குளிர்காலத்தில் பனி பொழியும். நீர் உறையும்போது அதன் கன அளவு நூற்றுக்கு ஏறத்தாழ 9 பங்கு பெருகும் என்று அறிவியல் பாடத்தில் படித்திருப்பீர்கள். மண்ணுக்குள் இறங்கிய நீர் உறைந்தால், மேலேயுள்ள தரையை அது நெம்பித் தூக்கும். ஒரே பாளமாக வார்த்த சிமெண்டுத் தளம் அப்போது விரிசல் காணும். மணற்படுகையின்மேல் தனித்தனியாக அடுக்கிய செங்கல்லோ சற்றே எழும்பும், சற்றே தாழும். ஆனால் தளம் பிளக்காது. குழாய் பழுதானால் நான்கு கற்களை எடுத்து, பழுது பார்த்து, அதே கற்களை மீண்டும் வைத்துவிடலாம்.

ஆனால், குறையையும் சொல்ல வேண்டும் அன்றோ! எழும்பியும் தாழ்ந்தும் போன கற்கள் காலை இடறும். மரத்தின் வேர் கற்களைப் புரட்டிவிடும். மழையிலும் பனியிலும் தரை வழுக்கும். அவ்வப்போது எடுத்துச் சீர்செய்யாவிட்டால் அழகிய தளமே ஆபத்தாகிவிடும். சிமெண்டுத் தளமோ சமமானது, விரைவில் போடக்கூடியது. ஆகவே நகராட்சிகள் செங்கல்லை அகற்ற நினைத்ததில் வியப்பில்லை.

1947-ஆம் ஆண்டு

நம் நாடு விடுதலை பெற்ற அதே ஆண்டில், பீக்கன் ஹில்லின் செங்கல் நடைபாதைகளைப் பெயர்த்துச் சிமெண்டுத் தளம் போட பாஸ்டன் மாநகராட்சி முடிவு செய்தது. வேலை வெஸ்ட் சீடர் தெருவுக்கு வந்தது.

அத்தெருப் பெண்கள் என்ன செய்தார்கள்? கல் எறியவில்லை; எவரையும் ஏசவில்லை. வீட்டிலிருந்த நாற்காலிகளைத் தூக்கி வந்து நடைபாதையின்மேல் போட்டு அமர்ந்துகொண்டார்கள். அவர்களை அப்புறப்படுத்தாமல் ஒரு செங்கல்லையும் பெயர்க்க இயலாது! வெயிலில் வேலை செய்து பழகாத, வசதியான வீட்டுப் பெண்கள் தெருவில் அமர்ந்த காட்சி செய்தியாயிற்று. முடிவில் மேயர் தம் திட்டத்தைக் கைவிட்டார். செங்கல் நிலைத்தது. பாஸ்டன் மக்கள் இதனைச் ‘செங்கல் போர்’ என்று இன்றும் சொல்லிக் காட்டுவர்.

இவ்வெற்றி ஒரே நாளில் விளைந்ததன்று என்பதையும் கவனியுங்கள். அக்குன்றின் குடிமக்கள் 1922-ஆம் ஆண்டிலேயே குடியிருப்போர் சங்கம் ஒன்று அமைத்திருந்தனர். கால் நூற்றாண்டாகக் கூடிப் பேசிப் பழகியவர்களுக்கு நெருக்கடி வந்த நாளில் யாரிடம் போய் நிற்பது என்ற திகைப்பு இருந்திராது. “ஊர் கூடினால்தான் தேர் நகரும்” என்பது நம் நாட்டு அனுபவம். அங்கே ஊர் கூடியதால் தேர் நிலைத்து நின்றது!

மேயரும் கொடியவர் அல்லர்

கதை கேட்கும் நமக்கு ஒரு நாயகியும் ஒரு வில்லனும் வேண்டியிருக்கிறது. ஆனால், வரலாறு அவ்வளவு எளிதன்று. அப்போதைய மேயர் ஜேம்ஸ் மைக்கேல் கர்லி, அயர்லாந்திலிருந்து வந்த ஏழைப் பெற்றோரின் மகன். அவர் தந்தை தெருப் பணிகளில் உழைத்த கூலியாள். கனமான ஓரக்கல் ஒன்றைத் தூக்கி வண்டியில் ஏற்ற முயன்றதால் உடல் நலிந்து இறந்தார். மகனுக்கு அப்போது பத்து வயது இருக்கலாம். தாய் பிறர் கட்டடங்களில் தரை தேய்த்துக் குடும்பத்தைக் காத்தார்.

அந்த மகன் நான்கு முறை பாஸ்டனின் மேயரானார். நகர மன்றத்தில் மண்டியிட்டுத் தரை துடைத்த பெண்களைக் கண்டு, நின்றபடியே துடைப்பதற்கு நீண்ட கைப்பிடியுள்ள துடைப்பங்கள் வாங்கித் தரச் செய்தார். பெண் மண்டியிட வேண்டியது கடவுளின் முன் மட்டுமே என்றாராம். குறைகளும் அவரிடம் பல உண்டு. 1947-இலேயே ஒரு மோசடி வழக்கில் சிறை சென்றார். ஆயினும் ஏழைகளின் தெருவில் பிறந்தவரின் கண்ணுக்கு நடைபாதை ஒரு விதமாகவும், மாளிகைத் தெருவில் பிறந்தவரின் கண்ணுக்கு வேறு விதமாகவும் தோன்றியிருக்கலாம் அல்லவா? எதிர்த்து நிற்கும்போதும் எதிரே நிற்பவரின் வரலாற்றை அறிந்துகொள்வது நல்ல குடிமகளுக்கு அழகு.

சட்டம் தந்த காவல்

நாற்காலியில் எத்தனை நாள் அமர முடியும்? ஒரு மேயர் விட்டதை அடுத்த மேயர் தொடங்கலாம். ஆகவே குடியிருப்போர் சட்டத்தின் துணையை நாடினர். 1955-இல் மாசச்சூசெட்ஸ் மாநிலச் சட்டமன்றம் பீக்கன் ஹில்லை வரலாற்றுச் சிறப்புடைய வட்டாரமாக அறிவித்தது. தெருவிலிருந்து கண்ணுக்குப் புலப்படும் கதவு, சன்னல், சுவர் எதனை மாற்ற வேண்டுமானாலும் அதற்கென அமைந்த குழுவின் ஒப்புதல் தேவை என்று அச்சட்டம் விதித்தது. அக்காவலின் எல்லை பின்னர் வட சரிவுக்கும் விரிந்தது. 1962-இல் நாட்டின் வரலாற்றுச் சின்னமாகவும் அக்குன்று ஏற்கப்பட்டது.

அண்டைத் தெரு அழிந்த கதை

இங்கே நிறுத்திவிட்டால் கட்டுரை இனிதே முடிந்துவிடும். ஆனால், குன்றை அடுத்துள்ள ஒரு தெருவைத் தாண்டிப் பார்க்க வேண்டும். அதற்கப்பால் வெஸ்ட் எண்டு என்னும் பகுதி இருந்தது. இத்தாலியர், யூதர், போலந்தியர், அயர்லாந்தினர் எனப் பல இனத்து உழைப்பாளிகள் நெருக்கமாக வாழ்ந்த இடம். அதைச் சேரி என்று முத்திரை குத்திய நகர ஆட்சி, 1958-ஆம் ஆண்டு இடிக்கத் தொடங்கியது. ஏறத்தாழ 2,700 குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. அம்மக்களும் எதிர்த்துக் குரல் கொடுத்தார்கள்; கேட்பாரில்லை. தேவாலயம் போன்ற ஒருசில கட்டடங்கள் தவிர, தெருக்களே மறைந்தன. அங்கு உயர்ந்த அடுக்குமாடி வீடுகளில், பழைய குடிகளுள் பெரும்பாலோர் வாடகை கொடுத்துக் குடியேற முடியவில்லை.

ஒரு பக்கம் செங்கல்லும் தப்பியது. மறுபக்கம் வீடும் தப்பவில்லை. இரு தெருவாரும் தம் தெருவை நேசித்தவர்களே. வேறுபாடு அன்பில் இல்லை, செல்வாக்கில் இருந்தது. ஆகவே, மாணவிகளே, ஒரு பழைய தெரு காக்கப்பட்டது என்று கேள்விப்பட்டால் மகிழுங்கள். கூடவே, காக்க ஆளில்லாமல் போன தெரு எது என்றும் கேளுங்கள்.

இன்னொரு நாற்காலி

1990-இல் அமெரிக்காவில் மாற்றுத்திறனாளிகளின் உரிமைக்காகச் சட்டம் இயற்றப்பட்டது. அதன்படி பொது நடைபாதைகளில் சக்கர நாற்காலி ஏறி இறங்கத் தெருமுனைகளில் சரிவு அமைக்க வேண்டும். பார்வையற்றோர் காலாலும் கைத்தடியாலும் தெருமுனையை உணரும்படி, மேடான புள்ளிகள் கொண்ட தகடும் பதிக்க வேண்டும். பாஸ்டன் மாநகராட்சி இவற்றைப் பீக்கன் ஹில்லில் அமைக்க முற்பட்டபோது, குடியிருப்போர் சங்கம் 2014-இல் நீதிமன்றம் சென்றது. “சரிவு வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை; சிமெண்டும் பிளாஸ்டிக் தகடும் பழைய தெருவுக்கு ஒவ்வாதவை; வேறு பொருளால் செய்யுங்கள்” என்பது அவர்கள் தரப்பு. “எத்தனை காலம் காத்திருப்பது? நாங்களும் இந்நகரத்துக் குடிமக்கள் அல்லரோ?” என்பது மாற்றுத்திறனாளிகளின் கேள்வி.

அன்று நாற்காலியில் அமர்ந்து நடைபாதையைக் காத்தார்கள். இன்று சக்கர நாற்காலியில் வருபவர் அதே நடைபாதையில் தமக்கும் வழி கேட்கிறார். முதல் நாற்காலியை வாழ்த்தும் நாம் இரண்டாம் நாற்காலியைத் தடுக்கலாமா? இந்நாளில் அக்குன்றின் தெருமுனைகள் பலவற்றில் சரிவும் புள்ளித் தகடும் உள்ளன, செங்கல்லும் நிற்கிறது. இரண்டும் ஒரே தெருவில் இருக்க முடியும் என்பதற்கு அதுவே சான்று.

முடிவுரை

என்னிடம் வினவிய மாணவிக்கு இப்போது விடை கூறுகிறேன். அவர்கள் அமர்ந்தது வெறும் செங்கல்லுக்காக அன்று, மகளே. தாங்கள் நடக்கும் தெருவைப் பற்றித் தங்களைக் கேளாமல் எவரும் முடிவு செய்யலாகாது என்பதற்காக அமர்ந்தார்கள். அந்த நியாயம் பெரிய வீட்டுப் பெண்ணுக்கு எவ்வளவு உரியதோ, அவ்வளவு வெஸ்ட் எண்டு ஏழைக்கும் உரியது. சக்கர நாற்காலியில் வருபவருக்கும் உரியது. தெருவைக் காப்பது நற்செயல். அத்தெருவில் எல்லோரும் நடக்க இடம் விட்டுக் காப்பதோ அதனினும் சிறந்தது.

சிந்திக்கச் சில வினாக்கள்

1. செங்கல் தளம், சிமெண்டுத் தளம் இரண்டின் நன்மை தீமைகளை அட்டவணைப்படுத்துக.

2. பீக்கன் ஹில் தப்பியதற்கும் வெஸ்ட் எண்டு அழிந்ததற்கும் காரணங்கள் யாவை?

3. குடியிருப்போர் சங்கம் முன்னமே இருந்தது 1947-இல் எவ்வாறு உதவியிருக்கும்?

4. உங்கள் தெருவில் மூத்த ஒருவரிடம் கேட்டு, அங்கு மறைந்துபோன ஒரு பழைய பொருளைப் பற்றிப் பத்து வரிகள் எழுதுக. அது மறைந்ததால் யாருக்கு நன்மை, யாருக்கு இழப்பு?

5. ஊன்றுகோலோடு நடக்கும் ஒருவருடன் உங்கள் தெருவின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை செல்வதாக எண்ணிப் பாருங்கள். எந்தெந்த இடத்தில் நிற்க வேண்டியிருக்கும்?