பல்லாங்குழியின் பசுவும் காணொளி விளையாட்டின் சாதனைக் குறியும்

முன்னுரை

விளையாட்டில் பெறும் பேறு இருவகைப்படும்: மேலும் ஆடப் பயன்படுவது ஒன்று, ஆடியதற்குச் சான்றாய் நிற்பது மற்றொன்று. சேலம், நாமக்கல் சமவெளி ஊர்களிலும் வழங்கும் பல்லாங்குழி முதல்வகைக்குத் தக்க எடுத்துக்காட்டாகும்.

பயனும் சான்றும்

14 குழிகளில் புளியங்கொட்டைகளை இட்டு ஆடுகையில், ஒரு குழியில் 4 காய்கள் சேரின் அது ‘பசு’ எனப்படும். குழிக்குரியவர் அதனை எடுத்துக்கொள்வார். அக்காய்களே அடுத்த ஆட்டத்தில் குழிகளை நிரப்பும் முதலாகின்றன. ஆட்டம் முடிந்தபின் பசுவைப் பற்றிய பதிவு எதுவும் எஞ்சுவதில்லை.

சாதனைக் குறி இதற்கு மாறானது. 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஆக்டிவிஷன் நிறுவனம், குறித்த புள்ளியை எட்டியதைத் திரையின் ஒளிப்படத்தால் மெய்ப்பித்தோர்க்குத் துணிச் சின்னம் அனுப்பியது. 2005இல் வெளிவந்த எக்ஸ்பாக்ஸ் 360, அத்தகைய சான்றைத் தானே பதிவுசெய்து, பல விளையாட்டுகளுக்கும் பொதுவான புள்ளிக் கணக்காக்கியது. இப்புள்ளி ஆட்டத்தில் வலிமை சேர்ப்பதில்லை. ஆடியவரின் திறத்தைப் பிறர்க்கு அறிவிப்பதே அதன் பணி.

மதிப்பும் வரம்பும்

லெப்பர், கிரீன், நிஸ்பெட் ஆகியோரின் 1973ஆம் ஆண்டு ஆய்வில், பரிசு உண்டென முன்னரே அறிந்து வரைந்த மழலையர்க்குப் பின்னர் வரைதலில் ஆர்வம் குறைந்தது. எதிர்பாராமல் பரிசு பெற்ற மழலையரிடம் அக்குறைவு காணப்படவில்லை. முன்னறிவித்துத் தரப்படும் சாதனைக் குறிகளுக்கும் இவ்வெச்சரிக்கை பொருந்தும்.

முடிவுரை

பல்லாங்குழியைக் கைப்பேசிச் செயலியாக்குவோர் இவ்வேறுபாட்டைக் கருதல் வேண்டும். ‘நூறு பசு’ எனும் எண்ணிக்கைக் குறி ஆட்டத்தைக் கூலி வேலையாக்கிவிடக்கூடும். காய்களை முன்கூட்டியே எண்ணி, எதிராளிக்குப் பசு சேராமல் தடுத்த நுட்பத்திற்குப் பெயரிடும் குறியே சிறார்க்கு ஆட்டத்தின் ஆழத்தை உணர்த்தும்.