முயல் மசால் விதைக்கும் மகளுக்கு

ஒக்கலிபுரம்,
பெங்களூரு.

அன்பு மகளே,

சித்திரையில் ஆடுகளுக்குப் பச்சை கிடைக்காமல் அலைந்ததாக எழுதியிருந்தாய். முயல் மசால் என்னும் தீவனச் செடியின் விதை ஒரு கிலோ உன் அப்பாவிடம் கொடுத்தனுப்பியிருக்கிறேன். 40 சென்ட் நிலத்துக்குப் போதும்.

தழை வளர்ப்பதெல்லாம் ஒரு படிப்பா என்று தோழிகள் கேட்டால் கூசாதே. 1927-இல் காந்தி இந்த ஊர் ஆடுகோடி பால்பண்ணை நிறுவனத்துக்குப் போய் மாடு வளர்ப்பைக் கற்றார். அப்போது அவருக்கு 57 வயது.

முயல் மசாலுக்குச் சொந்த ஊர் தென் அமெரிக்கா. பிரேசிலில் காட்டுச்செடியாகக் கிடந்ததிலிருந்து ஆஸ்திரேலியர் தேர்ந்தெடுத்த ஒரு ரகத்தின் பெயர் 'செக்கா'. போர்ச்சுகீசிய மொழியில் அதற்கு வறட்சி என்று பொருள். வேர் ஆழமாக இறங்குவதால் நம் மேட்டுச் செம்மண்ணிலும் தாங்கும். நம் நாட்டில் இதன் விதைக்குப் பேர்போன இடமும் மழை குறைந்த அனந்தப்பூர்தான்.

விதைத்தோல் கெட்டியானது. கொதித்த நீரை இறக்கிச் சற்று ஆறவிட்டு, 80 டிகிரி சூட்டில் விதையை நாலு நிமிடம் போட்டு வடி. பிறகு இரவு முழுக்கப் பச்சைத் தண்ணீரில் ஊறட்டும். ஆடி மழை பெய்ததும் ஓரடிக்கு ஒரு கோடு கிழித்து, மணலோடு கலந்து தூவி, மேலாக மண் மூடு. ஆழமாகப் புதைத்தால் முளை வெளியே வராது.

முதலில் மெதுவாகத்தான் வளரும். களையெடு, ஆடுகளை உள்ளே விடாதே. 75 நாளில் பூக்கும்போது முதல் அறுப்பு. அடியோடு அறுக்காமல் அரையடி விட்டு அறுத்தால் மறுபடி தழைக்கும். இதை மட்டுமே போடாமல் கொழுக்கட்டைப் புல்லோடு கலந்து கொடு. ஓரமாகச் சில செடிகளை முற்றவிடு. உதிர்ந்த விதை அடுத்த மழைக்குத் தானே முளைக்கும்.

எனக்கு இதில் பிடித்ததே வேர்தான். காற்றில் 100-க்கு 78 பங்கு நைட்ரஜன்; ஆனால் செடியால் அதை நேராக எடுத்துக்கொள்ள முடியாது. வேர்முடிச்சில் குடியிருக்கும் நுண்ணுயிர் அதைப் பிடித்து உரமாக்கித் தருகிறது. செடி அதற்குச் சர்க்கரை கொடுக்கிறது. கடல் கடந்து வந்த செடிக்கு அந்தத் துணை நம் மண்ணிலேயே இருக்கிறது. தட்டைப்பயற்றின் வேரில் வாழும் அதே கூட்டம்தான் இதற்கும் உதவும். அதனால் உன் பாட்டி தட்டைப்பயறு விதைத்துவந்த மேட்டிலேயே விதை.

பூக்கும்போது ஒரு செடியை மண்ணோடு பெயர்த்தெடுத்து முடிச்சை நகத்தால் கிள்ளிப் பார். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது. நம் ரத்தச் சிவப்புக்கு உறவான நிறம் அது. நீ பார்த்த நிறத்தை எனக்கு எழுது.

அன்புடன்,
பெரியப்பா